மூன்றாவது வரி

அந்த ஊரில் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு பல்லுக்காரன் செய்து கொடுத்தது. பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீள அறை, அதுதான் அவன் லேப். மெழுகு உருகுகிற வாசனை, பிளாஸ்டர் தூசி, மேஜை நெடுக வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும் வெள்ளை அச்சுகள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவன் அங்கேதான் கிடப்பான். பதினாறு வருஷமாக அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைக்கிறவன். 'ப' சொன்னால் உதடு எங்கே ஒட்டும், 'வ' சொன்னால் மேல்பல் கீழுதட்டில் எங்கே தொடும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. புதுப் பல்செட் மாட்டியவர்களை எதிரே உட்கார வைத்து, "உங்களுக்கு யாரைப் பிடிக்காதோ அவங்களைக் கொஞ்சம் திட்டுங்க" என்பான். முதலில் கூச்சப்படுவார்கள். அப்புறம் மருமகனில் ஆரம்பித்து பக்கத்து வீட்டுக்காரர் வரை வறுத்தெடுப்பார்கள். திட்டும்போது கழலாத பல்செட் எப்போதும் கழலாது. இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, அவனாகக் கண்டுபிடித்தது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் பல்லுக்காரன் இல்லை. அன்றைக்கு அவன் பெயர் பௌர்ணமி. மாதம் ஒரு தடவைதானே வருகிறாள், அதனால் அந்தப் பெயர்.

ஃபர்னிச்சர் கடை மாடியில் ஒரு ஹால் இருக்கிறது. மற்ற நாளில் அங்கே டைப்பிங் வகுப்பு நடக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தொண்ணூறு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். தபால்காரர் ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பார். ஒரு கணக்கு டீச்சர் சீட்டுக்கட்டில் வித்தை காட்டுவார், பாதி வித்தை சொதப்பும். கடைசியாகப் பௌர்ணமி. அவள் பாட மாட்டாள். ஒலிப்பதிவு ஓடும், அதற்கு வாயசைப்பாள். அதற்காக வேஷம் கட்ட இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற பசைக்குச்சியால் புருவத்தை அப்படியே அப்பி மறைத்து, மேலே பவுடர் வைத்து, அதற்கு ஒரு விரல் மேலே புதுப் புருவம் வரைவான். கீழே கடையில் மிஞ்சிய நீலத் திரைத்துணியில் அவனே தைத்த, தரையைத் தொடும் கவுன். முழங்கை வரை கையுறை. இடுப்பு வரைக்கும் முடி.

மேடையில் 'அவள்', கீழே இறங்கினால் 'அவன்'. கேட்கிறவர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம், அவனுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

ஊருக்குத்தான் குழப்பம். "உனக்கு என்னப்பா தலையெழுத்து? நல்ல வேலை இருக்கு, கை சுத்தமா வேலை செய்றே. எதுக்கு இந்தக் கூத்து?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"நீங்க எதுக்கு வாராவாரம் மீன் பிடிக்கப் போறீங்க? ஒரு மீனாவது மாட்டியிருக்கா?" என்பான் இவன்.

"அது பொழுதுபோக்கு."

"இது அது இல்லை. இது எனக்கு உயிர்."

இப்படிப் பட்டென்று போட்டுவிட்டு டீயைக் குடிப்பான். கேட்டவர் முகத்தில் ஈயாடாது. அவனுக்கு வெட்கம் என்கிற சாமான் அந்த விஷயத்தில் கிடையவே கிடையாது. இருக்கவும் வேண்டியதில்லை, யார் வீட்டுக் கூரையைப் பிரித்தான்?

பௌர்ணமிக்கு ஒரே ஒரு பாட்டுதான். அதுவும் ஒன்றேகால் நிமிஷம். இரண்டு தடவை போடுவார்கள். பாடியது அவனுடைய அக்கா.

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, இவனுக்கு இருபது. அவளாகக் கட்டிய பாட்டு அது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பழைய வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். இவன் தன்னுடைய ஓட்டை போனில் பதிவு செய்தான். குழாய் சொட்டுகிற சத்தம்கூட அதில் கேட்கும்.

*கதவ நான் சாத்தல, காத்துதான் சாத்துச்சு,*
*கேட்டா சொல்லிடு, உள்ளேதான் இருக்கேன்...*

அதோடு சரி. அடுத்த வரி வரவில்லை. "ஐயே, மறந்துட்டேன்டா! நிறுத்து நிறுத்து" என்று ஒரு சிரிப்பு. பதிவு அங்கே முடிந்துவிடும். அப்புறம் எத்தனையோ தடவை அந்த மூன்றாவது வரியைக் கேட்டுப் பார்த்தான். "அதெல்லாம் மறந்துபோச்சு, போடா" என்றுதான் சொல்வாள்.

மறப்பதையும் சேர்த்துத்தான் பௌர்ணமி வாயசைப்பாள். குழாய் சொட்டும் இடத்தில் ஒரு தோளை லேசாகத் தூக்குவாள். 'மறந்துட்டேன்டா'வில் கையுறைக் கையை வாயில் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் சிரிப்பாள். ஹால் முழுக்க அந்த இடத்துக்காகவே காத்திருக்கும். அப்போது தெரியும் அந்தத் தெத்துப்பல்.

பல்லின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல் இருந்தது. சிரித்தால் உதட்டில் ஏறி உட்காரும், அவ்வளவு அழகு. மாப்பிள்ளை வீட்டில் அதைச் சரிபண்ணச் சொன்னார்கள். பிடுங்கிவிட்டு நேரான பல் ஒன்றைக் கட்டினார்கள். கட்டிய பல்லைச் செய்தது இவன்தான், லேபில் சேர்ந்த இரண்டாவது வருஷம். அழுதுகொண்டே செய்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் எடுத்த அக்காவின் வாய் அச்சை அவன் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் மேஜையின் கடைசி இழுப்பறையில் பஞ்சு சுற்றி இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத் தன் பல்லுக்கு மேலே மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு தெத்துப்பல் செய்தான். மேடை ஏறுவதற்கு முன்னால் கடைசியாக அதைத்தான் மாட்டுவான்.

இத்தனையும் ஆறு வருஷமாக ஒரு வில்லங்கமும் இல்லாமல் ஓடியது. போன வியாழக்கிழமை வந்தது வினை.

மதியம் அக்கா லேபுக்கு வந்தாள். எப்போது வந்தாலும் தம்பிக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டுவருவாள். அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததுமே இவன் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தான்.

"அவர் கடைக்கு வந்த ஒருத்தன் போன்ல காட்டியிருக்கான்டா" என்றாள், உட்காராமலேயே. அக்கா புருஷன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். "டைல்ஸ் பார்க்க வந்தவன். இந்தக் கூத்தைப் பாருங்கன்னு சிரிச்சுக்கிட்டே காட்டியிருக்கான். அவருக்கு உன்னை அடையாளம் தெரியலை. என் குரலைக் கண்டுபிடிச்சிட்டாரு. அப்புறம் ஆள் யாருன்னு தெரிய எவ்வளவு நேரமாகும்?"

"நீ பாடி அத்தான் எங்கே கேட்டாரு?"

"பாத்திரம் கழுவும்போது முனகுவேன்ல."

"இதே பாட்டையா? பதினைஞ்சு வருஷமாவா?"

அக்கா மேஜையிலிருந்த ஒரு பிளாஸ்டர் வாயை எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்தாள்.

"என்ன சொல்றாரு?"

"என் பொண்டாட்டி குரலை ஊரே வச்சு வேடிக்கை பாக்குதுன்னு குதிக்கிறாரு. அந்தப் பாட்டு நிக்கணுமாம். இல்லைன்னா தம்பிங்கிற பேச்சே இனிமே வீட்டுல எடுக்கக் கூடாதாம். நீயும் வரக் கூடாது, நானும் வரக் கூடாது."

"அவரு கிடக்கட்டும். நீ என்ன சொல்றே?"

"அழிச்சிடுடா."

பல்லுக்காரனுக்குக் கோபம் வந்தால் வாய் நின்றுவிடும், கை வேகமாகும். அரைகுறையாக இருந்த ஒரு பல்செட்டை எடுத்து மெழுகைச் சுரண்டு சுரண்டு என்று சுரண்டினான். அப்புறம் வாயும் திறந்தது.

"நல்லாயிருக்கு. நீ பாடாதேன்னாங்க, விட்டே. பல்லைப் பிடுங்கினாங்க, குடுத்தே. இந்த ஒண்ணேகால் நிமிஷம் எங்கேயோ தப்பிச்சுக் கிடக்கு. அதையும் நானே தூக்கிக் குடுக்கணுமா? முடியாது. உன் புருஷன் தலைகீழா நின்னாலும் முடியாது."

"கத்தாதே."

"கத்துவேன். இது என் மேஜை."

"உன் மேஜைதான். ஆனா அது என் குரல்." அக்காவின் குரல் உயரவில்லை. "நீ அங்கே கைதட்டல் வாங்குறே, நான் வீட்டுல வாங்கிக் கட்டிக்கிறேன். ஆறு வருஷமா போடுறியே, ஒரு நாளாவது, 'அக்கா, இதைப் போடட்டுமா'ன்னு என்கிட்ட கேட்டியா?"

சுரண்டுகிற கை நின்றது. கேட்கவில்லைதான். துணியைக் கேட்டு வாங்கினான், நாற்காலியைக் கேட்டு வாங்கினான். குரலை மட்டும் கேட்கவே இல்லை. அக்காவிடம் இருப்பதெல்லாம் தனக்கும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு நினைப்பு. சிறுவயதில் பின்கட்டு அறையில் தலையில் துண்டைக் கட்டி, அதையே நீள முடி என்று ஆட்டிக்கொண்டு, அக்கா பாடப் பாட வாயசைத்தவன் இவன். அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே ரசிகை அவள்தான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீதான்டா அழகு" என்று சொன்னவளும் அவள்தான்.

போனை எடுத்து நீட்டினான். "நீயே அழி."

அக்கா வாங்கினாள். விரல் திரைமேலே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் இவன்தான் எட்டி அழுத்தினான்.

"போதுமா? உன் குரல் இனிமே அந்த ஹால்ல என்னால கேக்காது, சத்தியம். ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை பௌர்ணமி வருவா. அதே பாட்டுதான்."

"குரல் இல்லாம எப்படிடா?"

"அது என் பாடு. அத்தானுக்குச் சந்தேகமா இருந்தா நேர்ல வந்து காதைக் கழுவிட்டுக் கேக்கச் சொல்லு."

அக்கா போய்விட்டாள். அவன் கையிலிருந்த பல்செட் வீணாகிப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து மெழுகு வைக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு சவுண்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னான். சவுண்டுக்காரர் கல்யாண மண்டபங்களுக்கு மைக் கட்டுகிறவர், தங்கமான ஆள், பதறிப்போனார்.

"அட, இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? என் லேப்டாப்ல ஒண்ணு கிடக்கு. போட்டுடலாம்."

"அதையும் அழிச்சிடுங்கண்ணே."

"பைத்தியமா உனக்கு? சரி, வேற பாட்டு போடலாம். ஆயிரம் கிடக்கு."

"எனக்கு இது ஒண்ணுதான் வாய்க்கு வரும்."

"அப்போ நான் என்னத்தைத்தான் போடறது?"

"ஒண்ணும் போடாதீங்க. ஃபேனை மட்டும் நிறுத்துங்க."

சவுண்டுக்காரர் அவனையும் விட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊமைப் படம் காட்டப் போறே. செருப்பு பறக்கப் போகுது" என்று முணுமுணுத்தாலும், அவன் கண்முன்னாலேயே அழித்தார்.

ஐந்தரை மணிக்கு டீச்சரின் சீட்டுக்கட்டு வழக்கம்போல் கீழே கொட்டி முடிந்தது. பௌர்ணமி மேடை ஏறினாள். மேற்குப் பக்க ஜன்னல் வெயில் ஹால் முழுக்கக் கிடந்ததால் கடைசி வரிசை வரை முகம் தெரிந்தது. கதவோரம் அத்தான் உட்கார்ந்திருந்தார், கடைச் சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு. நிஜமாகவே காதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் மனுஷன். பக்கத்தில் அக்கா, தலையைக் குனிந்தபடி.

ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பௌர்ணமி வாயைத் திறந்தாள். *கதவ நான் சாத்தல.* சத்தமில்லை. 'வ'வுக்குக் கீழுதட்டில் பல் தொட்டது, 'ல'வுக்கு நாக்கு தெரிந்தது, அவ்வளவுதான்.

"சவுண்டு!" என்று ஒருத்தன் கத்தினான். சவுண்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், நான் ஒன்றும் பண்ணவில்லை என்கிற மாதிரி. சிரிப்பு எழுந்தது. "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று இன்னொருத்தன்.

பௌர்ணமி நிறுத்தினாள். கேட்டவனைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் நெளிகிற வரைக்கும் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள். திரும்ப முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி சிரித்தார்கள், மறுபடி நிறுத்திவிட்டு முதலிலிருந்து. நாலாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. மாதாமாதம் வருகிறவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். வாயைப் பார்த்ததும் அவர்கள் காதில் அது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. புல்லாங்குழல் தபால்காரர் ஆர்வத்தில் முனகப் போனார். பௌர்ணமி உதட்டில் விரலை வைத்து அதட்டினாள், அவர் அடங்கினார். குழாய் சொட்டும் இடத்தில் தோள் ஏறியது. *உள்ளேதான் இருக்கேன்.* மறந்துட்டேன்டா, நிறுத்து நிறுத்து. கை வாயைப் பொத்தியது, தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. சத்தமே இல்லாத நகைச்சுவைக்கு ஹால் குலுங்கிச் சிரித்தது.

கடைசி வரிசையில் அத்தானும் சிரித்தார், ஜெயித்த சிரிப்பு. "அவ்வளவுதான், குரல் இல்லை. ஊமைக் கூத்து. கிளம்பு" என்று எழுந்தார். அவர் மெதுவாகப் பேசிப் பழகாதவர், மேடை வரைக்கும் கேட்டது.

அக்கா எழுந்திருக்கவில்லை. இப்போது அவள் குனிந்திருக்கவும் இல்லை. பௌர்ணமியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயை, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தன் வாயை. நாக்கு அவளையறியாமல் இடது பக்கம் போய், அந்த நேரான பல்லைத் தடவியிருக்க வேண்டும். கன்னம் அந்த இடத்தில் லேசாக உப்பியதை மேடையிலிருந்தே பல்லுக்காரன் கண்டுகொண்டான். மற்றவர்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

வழக்கப்படி இரண்டாவது தடவை ஆரம்பிக்க வேண்டும். பௌர்ணமி வாயைத் திறந்தாள்.

*கதவ நான் சாத்தல.*

குரல் வந்தது.

பழைய குரல் இல்லை. கனத்திருந்தது, கொஞ்சம் கரகரத்தது, நிதானமாக வந்தது. ஹால் மொத்தமும் திரும்பியது. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடிக்கொண்டிருந்தாள். "ஏய்" என்றார் அத்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பௌர்ணமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒலிப்பதிவில் அக்கா எங்கே மூச்சு வாங்குவாள் என்று நூலிழை பிசகாமல் தெரியும். இந்தக் குரல் எங்கே மூச்சு வாங்கும் என்று யாருக்குத் தெரியும்? அரை எழுத்து முந்தினாள், அரை எழுத்து பிந்தினாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வாயசைப்பு பிசகியது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு, வரைந்த மை கரைந்தது. *காத்துதான் சாத்துச்சு. கேட்டா சொல்லிடு.* எப்படியோ தட்டித் தடவி அக்காவைப் பிடித்துவிட்டாள். *உள்ளேதான் இருக்கேன்.*

வந்துவிட்டது அந்த இடம். ஆறு வருஷப் பழக்கம் விடுமா? பௌர்ணமியின் கை தானாக ஏறி வாயைப் பொத்தியது. மறந்துட்டேன்டா, நிறுத்து நிறுத்து என்று உதடு அசைந்தது.

குரல் நிற்கவில்லை.

*காத்து ஓயட்டும், நானே தொறந்துக்குவேன்.*

மேடையில் வாய் ஒன்று சொல்ல, கதவோரம் குரல் வேறொன்று சொன்னது. ஹாலில் ஒருத்தருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பௌர்ணமி பொத்திய கையோடு அப்படியே நின்றாள். அந்த வரிக்கு அவளிடம் வாயே இல்லை.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"நான் மறக்கலடா" என்றாள், ஹாலுக்கே கேட்கிற மாதிரி. "அன்னைக்கும் மறக்கலை."

"போதும், எழுந்திரு போகலாம்" என்றார் அத்தான், அவள் நின்றுகொண்டிருப்பதைக்கூடக் கவனிக்காமல்.

"எழுந்துதான் நிக்கிறேன். நீங்க உக்காருங்க, பாட்டு இன்னும் பாக்கி இருக்கு."

தொண்ணூறு பேர் அவரைப் பார்த்தார்கள். சாவிக்கொத்து ஒரு தடவை குலுங்கியது. அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை.

"முதல்லேருந்து வா" என்றாள் அக்கா தம்பியிடம். "மூணாவது வரியை நல்லா பாத்துக்கோ."

பௌர்ணமி வாயிலிருந்து கையை எடுத்தாள். மேடையின் விளிம்பு வரை வந்து நின்று, கடைசி வரிசையில் இருந்த அந்த வாயையே பார்த்தாள்.